ஆழ லக் டிராக்குக்கு டிரைவரும் கியரும் பொருத்துவது எப்படி

மலைப் பனியில் ஓட்டும் ஸ்னோமொபைலுக்கு ஆழ லக் டிராக் (அடியில் சுற்றும் ரப்பர் பட்டைதான் டிராக், பனியைத் தள்ள அதில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர்ப் பட்டைகள்தான் லக்) போட நினைக்கும் எல்லோரும் முதலில் கேட்பது, "என்ன கியர் ரேஷியோ வைக்கலாம்?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு மட்டும் தனியாகப் பதில் சொல்ல முடியாது. டிராக்கின் பிட்ச் (உள்பக்கக் கட்டைகளின் இடைவெளி), டிராக்கைச் சுற்றும் டிரைவர் என்ற பற்சக்கரத்தின் பல் எண்ணிக்கை, செயின்கேஸ் என்ற செயின் பெட்டிக்குள் இருக்கும் இரண்டு ஸ்ப்ராக்கெட்டுகள் எல்லாம் சேர்ந்து ஒரே கணக்கு. ஒன்றை மாற்றினால் மற்றவற்றையும் திரும்பப் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும். அந்தக் கணக்கைப் போடத் தெரிந்துவிட்டால் கடைக்காரர் சொல்வதையும் நண்பர் சொல்வதையும் நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம்.

இங்கே நான் மனதில் வைத்திருப்பது வயோமிங்கின் டோக்வோட்டீ கணவாய், மொன்டானாவின் குக் சிட்டி, பிரிட்டிஷ் கொலம்பியாவின் ரெவெல்ஸ்டோக் போன்ற இடங்கள். இடுப்பளவு பொடிப்பனி, செங்குத்தான சரிவு, உயரம் கூடக் கூட மெலியும் காற்று. 2.25 இன்ச்சுக்கு மேல் 3 இன்ச் வரை லக் உள்ள டிராக்குகள் இந்த மாதிரி நிலத்துக்காகவே செய்யப்படுகின்றன. சமன்படுத்திய கெட்டிப் பாதையில் மட்டும் ஓட்டுகிறீர்கள் என்றால் இது உங்களுக்கு வேண்டாம். உயரமான லக் கெட்டிப் பனியில் வேகமாகச் சுற்றும்போது மடங்கி மடங்கிச் சூடாகிக் கிழிய ஆரம்பிக்கும்.

எஞ்சினிலிருந்து பனி வரை

எஞ்சினின் கிராங்கில் முதல் கிளட்ச் இருக்கிறது. அங்கிருந்து ஒரு ரப்பர் பெல்ட் இரண்டாவது கிளட்சுக்குப் போகிறது. வேகம் கூடக் கூட பெல்ட் முதல் கிளட்சில் மேலேறி, இரண்டாவதில் கீழிறங்கும்; இவற்றின் ரேஷியோ அப்படித்தான் தானாக மாறுகிறது. இரண்டாவது கிளட்ச் உட்கார்ந்திருக்கும் தண்டு ஜாக்ஷாஃப்ட். அதன் மறுமுனையில் செயின்கேஸ். மேலே சின்ன ஸ்ப்ராக்கெட், கீழே பெரிய ஸ்ப்ராக்கெட், இரண்டையும் இணைக்கும் அகலமான செயின். கீழ் ஸ்ப்ராக்கெட் சுற்றுவது டிரைவ்ஷாஃப்ட்டை. அந்த ஷாஃப்ட்டின் மேல் ஏற்றியிருக்கும் கெட்டி பிளாஸ்டிக் பற்சக்கரங்கள்தான் டிரைவர்கள். அவை டிராக்கைப் பிடித்துத் தள்ளுகின்றன. பற்சக்கரம் ரப்பர் டிராக்கைச் சுற்றும் இந்த அமைப்புக்கு கியூபெக்கைச் சேர்ந்த பொம்பார்டியர் 1937-இலேயே காப்புரிமை வாங்கிவிட்டார். அடிப்படை இன்றும் அதேதான்.

போலாரிஸ் 2013 மாடல் மலை வண்டிகளில் செயினுக்குப் பதிலாகப் பல் பெல்ட் வைத்தது. உங்கள் வண்டி அந்த வகை என்றால் கீழே ஸ்ப்ராக்கெட் என்று வரும் இடத்தில் புல்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்கு மாறாது.

முதலில் இருப்பதை அளங்கள்

ஒரு நோட்டும் டேப்பும் எடுத்துக்கொள்ளுங்கள். பிட்ச் என்பது டிராக்கின் உள்பக்கம் வரிசையாக நிற்கும் ரப்பர்க் கட்டைகளில் ஒன்றின் மையத்துக்கும் அடுத்ததன் மையத்துக்கும் உள்ள தூரம். புழக்கத்தில் இருப்பவை 2.52, 2.86, 3.0, 3.5 இன்ச். ஒரே ஒரு இடைவெளியை அளந்தால் 2.86 எது, 3.0 எது என்று கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒரு கட்டையின் முன்விளிம்பிலிருந்து பதினோராவது கட்டையின் முன்விளிம்பு வரை, அதாவது பத்து இடைவெளிகளைச் சேர்த்து அளங்கள். 28.6 இன்ச் வந்தால் 2.86 பிட்ச். 30 வந்தால் 3.0. ஒன்றரை இன்ச்சுக்குக் கொஞ்சம் குறைவான வித்தியாசம் என்பதால் தப்பவே தப்பாது.

இதில் நான் இவ்வளவு அழுத்தம் கொடுக்கக் காரணம் இருக்கிறது. புதியவர்கள் மலிவாகக் கிடைத்தது என்று 3.0 பிட்ச் டிராக்கை வாங்கி, பல் எண்ணிக்கை ஒன்றுதானே என்று பழைய 2.86 டிரைவரிலேயே மாட்டிவிடுகிறார்கள். ஒரு பல்லுக்கு 0.14 இன்ச் பிசகு. நான்கு பல் சேர்ந்து பிடிக்கும் இடத்தில் அது அரை இன்ச்சைத் தாண்டிவிடும். டிரைவரின் பல் கட்டையின் மேல் ஏறித் தாவும், கட்டைகள் பிய்ந்து வரும். டிராக்கின் பிட்சும் டிரைவரின் பிட்சும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமே இல்லை.

அடுத்து டிரைவரின் பற்களை எண்ணுங்கள். ஒரு பல்லில் சாக்பீஸால் கோடு போட்டுவிட்டுச் சுற்றினால் குழப்பம் வராது. செயின்கேஸ் மூடியைத் திறந்து இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் பற்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் எண் மேலேயே பொறித்திருக்கும். பழைய வண்டியாக இருந்தால் முந்தைய உரிமையாளர் என்ன சொன்னார், கையேட்டில் என்ன இருக்கிறது என்பதையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு எண்ணிப் பார்த்ததை மட்டும் நம்புங்கள்.

எல்லாவற்றையும் ஒரே எண்ணாக்குங்கள்

டிரைவர் ஒரு சுற்று சுற்றினால் டிராக் எவ்வளவு நகரும்? பல் எண்ணிக்கையைப் பிட்சால் பெருக்கினால் போதும். 8 பல், 2.86 பிட்ச் என்றால் 22.88 இன்ச். 7 பல், 3.0 பிட்ச் என்றால் 21 இன்ச்.

கியர் ரேஷியோ என்பது கீழ் ஸ்ப்ராக்கெட்டின் பற்களை மேல் ஸ்ப்ராக்கெட்டின் பற்களால் வகுப்பது. மேலே 21, கீழே 49 என்றால் 2.33. பைக்கில் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பெரிதாக்கினால் இழுவை கூடி டாப் ஸ்பீடு குறையும் அல்லவா, இங்கே கீழ் ஸ்ப்ராக்கெட் அதே வேலையைச் செய்கிறது.

இப்போது முதல் எண்ணை இரண்டாவதால் வகுங்கள். 22.88-ஐ 2.333-ஆல் வகுத்தால் 9.8. கிளட்ச் ஒன்றுக்கு ஒன்றில் நிற்கும்போது, அதாவது இரண்டு கிளட்சும் ஒரே வேகத்தில் சுற்றும்போது, எஞ்சின் ஒரு சுற்று சுற்றினால் டிராக் 9.8 இன்ச் நகர்கிறது என்று பொருள். இந்த எண்ணைத்தான் நீங்கள் எப்போதும் பார்க்க வேண்டும். கியரை இறக்குவது என்றால் இந்த எண்ணைக் குறைப்பது.

ஒரு உதாரணம் பார்க்கலாம். உங்களிடம் இருப்பது 8 பல், 2.86 பிட்ச், 21/49. புதிய 3 இன்ச் லக் டிராக் 3.0 பிட்சில் வருகிறது, அதற்கு 7 பல் டிரைவர் போடுகிறீர்கள். செயின்கேஸைத் தொடவே இல்லை. ஆனால் 21-ஐ 2.333-ஆல் வகுத்தால் 9.0. கியரை மாற்றாமலேயே 8 சதவீதம் இறக்கிவிட்டீர்கள். பழைய டிரைவர் கணக்கில் சொன்னால் இது 2.54 ரேஷியோ வைத்ததற்குச் சமம். இது தெரியாமல், "ஆழப் பனிக்குக் கியரை இறக்கணும்" என்று யாரோ சொன்னதைக் கேட்டு 19/49-ம் போட்டால் எண் 8.1-க்குப் போய்விடும். வண்டி பள்ளம் தோண்டும், வீட்டுக்குத் திரும்பும் பாதையில் எஞ்சின் கதறும். பழைய 9.8-ஐயே வைத்துக்கொள்ள வேண்டும் என்றால் 21/45 போட வேண்டும். 21-ஐ 2.143-ஆல் வகுத்துப் பாருங்கள், சரியாக 9.8 வரும்.

இந்த எண்ணை எஞ்சின் வேகத்தாலும் 0.001524-ஆலும் பெருக்கினால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்பது கிடைக்கும். 8,000 சுற்றில் 9.8 என்றால் 119 கி.மீ. சொச்சம், 9.0 என்றால் 110 கி.மீ. பொதுவாக மலை வண்டிகள் 9-லிருந்து 10-ஐ ஒட்டி இருக்கும். டிரெயில் வண்டிகள் 12-ஐத் தாண்டும்.

கிளட்ச் எங்கே நின்று வேலை செய்கிறது

டாப் ஸ்பீடைப் பார்த்துக் கியர் வாங்குவதில் அர்த்தம் இல்லை. ஆழப் பனியில் ஏறும்போது டிராக் மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டி அதைவிட மெதுவாகத்தான் நகரும், மீதி வழுக்கலில் போகிறது. எஞ்சின் 8,000 சுற்றில் நிற்கிறது. உங்கள் எண் 12 என்றால் அந்த நேரத்தில் கிளட்ச் 2.1-க்கு 1 நிலையில் மாட்டிக்கொண்டிருக்கும். பெல்ட் முதல் கிளட்சின் அடிப்பக்கம் சின்ன வட்டத்தில் மடங்கி, முழு சக்தியையும் அங்கேயே தாங்கும். வழுக்கும், சூடாகும், கடைசியில் அறுந்து போகும். எண் 9 என்றால் அதே வேகத்தில் கிளட்ச் 1.57-க்கு 1 வரை ஏறியிருக்கும். பெல்ட் பெரிய வட்டத்தில் ஓடும், பிடிப்பு நன்றாக இருக்கும், சூட்டில் வீணாகும் சக்தி குறையும்.

ஆழ லக் டிராக்குக்குக் கியரை இறக்கச் சொல்வதன் காரணம் இதுதான். உயரமான லக் ஒவ்வொரு சுற்றிலும் அதிகப் பனியைத் தள்ளுகிறது, டிராக்கின் எடையும் கூடுகிறது. எஞ்சினால் பழைய வேகத்துக்கு அதைச் சுற்ற முடியாது.

உயரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு 1,000 அடிக்கும் சுமார் 3 சதவீதம் சக்தியை இழக்கும். டோக்வோட்டீ கணவாய் 9,658 அடி. கடல் மட்டத்தில் 165 குதிரைத்திறன் கொடுக்கும் எஞ்சின் அங்கே 117-ஐ ஒட்டித்தான் கொடுக்கும். ரெவெல்ஸ்டோக் ஊர் 500 மீட்டருக்கும் கீழே பள்ளத்தாக்கில் இருக்கிறது. அங்கே வண்டியை இறக்கி நீண்ட பாதையில் ஏறித்தான் மேலே போக வேண்டும், அதனால் கொஞ்சம் உயர்ந்த எண்ணே வசதி. தொழிற்சாலையிலேயே டர்போவோடு வந்த முதல் டூ-ஸ்ட்ரோக் வண்டியான 2021 மாடல் ஸ்கி-டூ சம்மிட் 850 ஈ-டெக் டர்போ 8,000 அடி வரை அதே 165 குதிரைத்திறனைக் கொடுக்கும். அந்த மாதிரி வண்டிக்கு 10 தாராளமாக வைக்கலாம். டர்போ இல்லாத 600 சிசி வண்டியில் 3 இன்ச் டிராக் போட்டு 9,000 அடியில் ஓட்டப் போகிறீர்கள் என்றால் நான் 9-க்குக் கீழேயே வைக்கச் சொல்வேன். உண்மையில் அந்த எஞ்சினுக்கு 2.5 இன்ச் லக் போதும் என்பது என் கருத்து. சுற்ற முடியாத உயர லக்கைவிட வேகமாகச் சுற்றும் நடுத்தர லக் உங்களை மேலே கொண்டு போகும்.

இடம் இருக்கிறதா

டிரைவரின் பல்லைக் குறைப்பதற்குக் கியரைவிடப் பெரிய காரணம் இடம். டிராக் டிரைவரைச் சுற்றி வரும் இடத்தில் முன்னால் குளிர்விப்பான், மேலே டனலின் (டிராக்கை மூடியிருக்கும் உலோகக் கூட்டின்) கூரை, ரிவெட் தலைகள் எல்லாம் இருக்கின்றன. லக்கின் நுனி எதிலும் உரசக் கூடாது.

டிரைவ்ஷாஃப்ட்டின் மையத்திலிருந்து மிக அருகில் உள்ள பொருள் வரை அளங்கள். உதாரணத்துக்கு அது 7.25 இன்ச் என்போம். டிரைவர் ஒரு சுற்றுக்கு நகர்த்தும் தூரத்தை 6.28-ஆல் வகுத்தால் ஆரம் கிடைக்கும். அதோடு டிராக்கின் தடிமனுக்கு கால் இன்ச், லக் உயரம் 3 இன்ச் சேருங்கள். 8 பல் 3.0 பிட்ச் டிரைவருக்கு 3.82 + 0.25 + 3 = 7.07. மிச்சம் 0.18 இன்ச்தான், இது கூடவே கூடாது. 7 பல் போட்டால் ஆரம் 3.34, மிச்சம் 0.66. ஒரு பல் குறைத்ததில் சுற்றிலும் அரை இன்ச்சை ஒட்டிக் கிடைத்துவிட்டது.

குறைந்தது அரை இன்ச்சாவது விடுங்கள். வேகமாகச் சுற்றும்போது டிராக் வெளிப்பக்கம் உப்பும், அதுவும் தளர்வாக விட்ட டிராக் இன்னும் அதிகமாக உப்பும். உள்ளே பனி இறுகிக்கொள்வதும் உண்டு. குளிர்விப்பானில் லக் உரசி ஓட்டை விழுந்தால் மலை உச்சியில் கூலண்ட் முழுவதும் கொட்டிப்போகும்.

சரி, அப்படியானால் எல்லோரும் 7 பல்லே போடலாமே என்றால், அதற்கும் விலை உண்டு. சின்ன டிரைவரைச் சுற்ற டிராக் கூர்மையாக மடங்க வேண்டும், அதில் சக்தி போகிறது. பல் குறையக் குறைய அதிர்வும் கூடும். இடம் இருந்தால் பெரிய டிரைவரை வைத்துக்கொண்டு கியரை செயின்கேஸில் இறக்குவதே நல்லது. டிரைவ்ஷாஃப்ட்டைக் கீழே இறக்கிவைக்கும் செயின்கேஸ்களும் விற்கிறார்கள், ஆனால் முதல் வண்டியிலேயே அதில் இறங்க வேண்டாம்.

எந்த வகை டிரைவர்

உள்கட்டைகளை மட்டும் தள்ளுவது இன்வலூட் வகை. டிராக்கின் ஜன்னல் துளைகளுக்குள் பல்லை நுழைத்துத் தள்ளுவது எக்ஸ்ட்ரோவர்ட் வகை. இரண்டையும் செய்வது கலப்பு வகை. சக்தி வாய்ந்த எஞ்சினும் நீளமான டிராக்கும் சேரும்போது இன்வலூட் மட்டும் இருந்தால், திடீரென்று த்ராட்டிலை அழுத்தும்போதோ பிரேக் பிடிக்கும்போதோ 'டக் டக்' என்று பல் தாவும். அதைத் தடுக்க டிராக்கை இறுக்கினால் உராய்வு கூடும். எக்ஸ்ட்ரோவர்ட்டோ கலப்பு வகையோ போட்டால் டிராக்கைத் தளர்வாகவே விடலாம். ஆழப் பனிக்கு என் தேர்வு கலப்பு வகைதான். வாங்கும் முன் உங்கள் டிராக்கில் எல்லா வரிசையிலும் ஜன்னல் திறந்திருக்கிறதா, கிளிப் (ஜன்னல்களுக்கு இடையில் மாட்டும் உலோகத் துண்டு) இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

மாட்டும்போது

டிரைவ்ஷாஃப்ட் அறுகோணமாக இருந்தால் டிரைவரை ஆறு விதமாக ஏற்ற முடியும். 8 பல் என்றால் பல்லுக்குப் பல் 45 பாகை, அறுகோணத்தின் ஒரு முகத்துக்கு 60 பாகை. ஒரு டிரைவரை ஒரு முகம் தள்ளி ஏற்றிவிட்டால் அதன் பற்கள் பக்கத்து டிரைவரோடு 15 பாகை பிசகி நிற்கும். டிராக் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே ஓடும். அதற்காகவே டிரைவரில் ஒரு குறி இருக்கும். எல்லாக் குறிகளும் ஒரே முகத்தில் வரிசையாக வர வேண்டும். ஏற்றியதும் ஷாஃப்ட்டைக் கண் மட்டத்துக்குத் தூக்கி நீளவாக்கில் பாருங்கள், பற்கள் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். டிரைவர்கள் இறுக்கமாக அழுத்தி ஏற்றப்பட்டவை. பிரஸ் இல்லாவிட்டால் பட்டறையில் கொடுத்துவிடுங்கள், சுத்தியலால் அடித்தால் விரிசல் விடும்.

செயின் நீளத்தையும் சரிபார்க்க வேண்டும். இரண்டு ஸ்ப்ராக்கெட்டின் பற்களைக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையில் நான்கு மாறினால் செயினில் சுமார் இரண்டு பிட்ச் மாறும். மேலே சொன்ன உதாரணத்தில் 70 பல் 66 ஆகிறது, எனவே இரண்டு பிட்ச் குறைவான செயின் தேவைப்படும். 21/49-லிருந்து 23/47-க்குப் போனால் கூட்டுத்தொகை மாறாது, பழைய செயினே பெரும்பாலும் போதும். செயின்கேஸைத் திறந்ததுதான் திறந்தீர்கள், எண்ணெயையும் மூடியின் சீலையும் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

எல்லாம் மாட்டிய பின் வண்டியின் பின்புறத்தை ஸ்டாண்டில் தூக்கி மெதுவாகச் சுற்றி உரசல் கேட்கிறதா என்று கவனியுங்கள். அப்போது பின்னால் யாரும் நிற்கக் கூடாது. கல்லோ கிளிப்போ தெறித்தால் உயிருக்கே ஆபத்து.

ஓட்டிப் பார்த்துத் திருத்துவது

முதல் கிளட்சின் சாய்ந்த முகத்தில், மையத்திலிருந்து விளிம்பு வரை மார்க்கர் பேனாவால் நேராக இரண்டு மூன்று கோடு போடுங்கள். அவலாஞ்ச் கனடா போன்ற அமைப்புகள் தரும் பனிச்சரிவு முன்னறிவிப்பைப் பார்த்துவிட்டு, சரிவுகள் இல்லாத ஆழப் பனி மைதானத்தில் வழக்கம்போல் ஓட்டுங்கள். பிறகு எஞ்சினை அணைத்து மூடியைத் திறந்து பாருங்கள். பெல்ட் போன இடம் வரை மை அழிந்திருக்கும். கோடு பாதிகூட அழியவில்லை என்றால் கியர் இன்னும் உயரமாக இருக்கிறது. விளிம்பு வரை அழிந்து, எஞ்சின் சுற்றும் எல்லை மீறிப் போகிறது என்றால் கியரை அதிகமாக இறக்கிவிட்டீர்கள். முக்கால் பங்கு அழிந்திருந்தால் அப்படியே விடுங்கள். அதே நேரத்தில் கிளட்சின் அருகே கையைக் கொண்டு போய்ச் சூட்டையும் பாருங்கள். கை வைக்க முடியாத அளவு கொதித்தால் பெல்ட் வழுக்குகிறது.

கியரையோ டிரைவரையோ மாற்றினால் எஞ்சின் மேல் விழும் சுமை மாறும், அதனால் முழு த்ராட்டிலில் நிற்கும் சுற்றும் கொஞ்சம் மாறும். கையேட்டில் சொன்ன சுற்றைவிடக் கூடினால் கிளட்சில் எடையைக் கூட்டுங்கள், குறைந்தால் குறையுங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். பல வண்டிகளில் ஸ்பீடோமீட்டர் டிரைவ்ஷாஃப்ட்டின் சுற்றைத்தான் அளக்கும், டிரைவரை மாற்றியதும் அது தவறாகக் காட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

புதிய டிராக் முதல் சில மணி நேர ஓட்டத்திலேயே கொஞ்சம் நீளும். அன்று மாலையே டிராக்கின் தளர்வையும் செயின் இறுக்கத்தையும் திரும்பப் பாருங்கள். கழற்றிய ஸ்ப்ராக்கெட்டுகளையும் செயினையும் எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள். அடுத்த குளிர்காலத்தில் வேறு உயரத்துக்கு வண்டியைக் கொண்டு போனால் அவை திரும்ப வேலைக்கு வரும்.